ஆங்கில வாக்கியத்தைப் பிரிக்க நாலு வழி, சொல்லைப் பிரிக்க மூணு வழி: உங்களுக்கு எது சரிவரும்?

மதுரை வட்டாரத்திலிருந்து ஒரே கேள்வி மூன்று உருவத்தில் வருகிறது. திருமங்கலம் பக்கம் மாலையில் டியூஷன் எடுப்பவர் கேட்கிறார்: பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச் முழுவதையும் நடத்தி முடித்த பிறகுதான் வாக்கிய அமைப்புக்குப் போக வேண்டுமா? பன்னிரண்டு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு பி.ஏ. ஆங்கிலத்தில் சேர்ந்த மாணவி கேட்கிறார்: எஸ்விஓ (எழுவாய், வினை, செயப்படுபொருள் வரிசை) தெரிந்தால் போதாதா, எதற்கு வாக்கியத்தைக் கிளை கிளையாகப் பிரிக்கும் இந்த மரப்படம்? உசிலம்பட்டிப் பக்கத்துத் தொடக்கப்பள்ளி ஆசிரியை கேட்பது ஸ்பெல்லிங் பற்றி: பிரிஃபிக்ஸ், சஃபிக்ஸ் பட்டியலை மனப்பாடம் செய்ய வைத்தால் வருமா?

மூவருக்கும் ஒரே பதில் கிடையாது. ஒவ்வொரு முறையும் ஒரு வேலையை நன்றாகச் செய்யும், இன்னொன்றில் கையை விரித்துவிடும்.

ஒரு குறிப்பு: இங்கே ஆங்கிலச் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறோம். எழுத்துக்கூட்டல் முக்கியமாகும் இடத்தில் எழுத்துகளின் பெயரைத் தனித்தனியாகச் சொல்கிறோம். ரஃப் நோட்டில் எடுத்துக்காட்டுகளை ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தபடி படியுங்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், நம் பிள்ளைகள் செய்யும் தவறு அந்த முறையில் சிக்குமா என்பது. ஆங்கிலம் தாய்மொழியானவர்களுக்காக உண்டான முறை அவர்களுடைய தவறுகளைத்தான் குறிவைக்கும். தமிழ் பேசுபவர் தடுக்கி விழும் இடங்கள் வேறு. முக்கியமானவை நாலு:

- வினை விடுபடுவது. "இது புத்தகம்" என்பது தமிழில் வினையே இல்லாத முழு வாக்கியம். அந்தப் பழக்கத்தில் 'திஸ் புக்' என்று நிறுத்திவிடுகிறார்கள்.
- கு உருபை அப்படியே தூக்கிக்கொண்டு போவது. "எனக்குப் பசிக்கிறது" என்பது 'டு மீ ஹங்ரி' ஆகிறது.
- அடை நிற்கும் இடம். "நேற்று வாங்கிய புடவை" என்பதில் பெயரெச்சம் முன்னால் வருகிறது. ஆங்கிலத்தில் அதே செய்தி 'தி சாரி விச் ஐ பாட் எஸ்டர்டே' என்று பெயருக்குப் பின்னால் தொங்குகிறது.
- ஒருமை, பன்மை இசைவு. 'தி பஸ்சஸ் டு மேலூர்' என்று தொடங்குகிறார்கள். வினைக்குப் பக்கத்தில் 'மேலூர்' நிற்பதால் 'லீவ்' என்பதற்குப் பதில் 'லீவ்ஸ்' போட்டுவிடுகிறார்கள்.

அடுத்து, சொல் வரிசையை அந்த முறை அப்படியே காட்டுமா என்று பாருங்கள். தமிழில் உருபு இருப்பதால் சொற்களை இடம் மாற்றினாலும் பொருள் பெரும்பாலும் தங்கிவிடும். ஆங்கிலத்தில் இடம்தான் உருபின் வேலையைச் செய்கிறது. வரிசையைக் கண்ணில் காட்டாத முறை நமக்குப் பாதி முறைதான்.

கற்பிக்க எத்தனை வகுப்பு பிடிக்கும், கரும்பலகையில் எவ்வளவு இடம் தின்னும், பரீட்சையில் மதிப்பெண் உண்டா என்பதெல்லாம் எல்லாரும் பார்ப்பவை. கடைசியாக ஒன்று, எந்த வாக்கியம் வந்தால் அந்த முறை ஊமையாகிவிடும் என்பது. இதை யாரும் முதலில் கேட்பதில்லை, மாட்டிக்கொண்ட பிறகுதான் கேட்கிறார்கள்.

## வாக்கியத்தைப் பிரிப்பது

நாலு முறைக்கும் ஒரே வாக்கியத்தைக் கொடுத்துப் பார்ப்போம்: 'தி வெண்டர் நியர் தி டெம்பிள் கேவ் மை சிஸ்டர் எ ஸ்ட்ரிங் ஆஃப் ஜாஸ்மின்.' பன்னிரண்டு சொல். கோயில் பக்கத்துப் பூக்காரர் என் அக்காவுக்கு ஒரு சரம் மல்லிகை கொடுத்தார்.

### சொல்லுக்குச் சொல் வகை குறிப்பது

பன்னிரண்டு சொல்லுக்கும் தலைக்கு மேல் ஒரு சீட்டு: 'வெண்டர்' நவுன், 'நியர்' பிரிபொசிஷன், 'கேவ்' வெர்ப், 'மை' பொசசிவ் என்று. பழைய முறையில் இதோடு நிற்பதில்லை. பெயருக்குப் பால், எண், வேற்றுமை, வினைக்குக் காலம், இடம் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். லத்தீன் இலக்கணத்துக்குத் தைத்த சட்டையை ஆங்கிலத்துக்கு மாட்டிய கதை. இன்றைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் எழுவாயாக வந்தாலும் செயப்படுபொருளாக வந்தாலும் வடிவம் மாறாது. அதற்கு 'நாமினேட்டிவ்', 'அக்யூசட்டிவ்' என்று பெயர் சூட்டி மாணவருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை.

தொடங்க எளிது என்பது இதன் பலம். அகராதி பார்க்கத் தெரிந்தால் போதும். மறைந்திருக்கும் செலவு அதே அகராதியில்தான் இருக்கிறது. 'ரவுண்ட்' என்ற ஒரே சொல் பெயர், பெயரடை, வினை, வினையடை, முன்னிடைச்சொல் (பிரிபொசிஷன்) என ஐந்தாகவும் வரும். எந்த இடத்தில் எது என்பதை வாக்கிய அமைப்பு தெரிந்தால்தான் சொல்ல முடியும். ஆக, அமைப்பைக் கண்டுபிடிக்கச் சொல்வகை வேண்டும் என்று தொடங்கி, சொல்வகையைக் கண்டுபிடிக்க அமைப்பு வேண்டும் என்று வந்து முட்டுகிறோம்.

பன்னிரண்டு சீட்டும் சரியாகப் போட்ட மாணவருக்கும் 'நியர் தி டெம்பிள்' யாரோடு சேரும் என்பது தெரியாமலே இருக்கலாம். டியூஷன் எடுப்பவரின் கேள்விக்குப் பதில் இதுதான்: முழுதும் நடத்திவிட்டுப் போக வேண்டியதில்லை. பெயர், வினை, பெயரடை, முன்னிடைச்சொல் நாலையும் இரண்டு வகுப்பில் முடித்து நகருங்கள். மீதியை வாக்கியத்துக்குள் வைத்தே சொல்லிக்கொள்ளலாம்.

### எஸ், வி, ஓ, சி, ஏ

நம் பாடநூல்களில் புழங்குவது இதுதான். எஸ் எழுவாய், வி வினை, ஓ செயப்படுபொருள், சி நிரப்பி (எழுவாயோ செயப்படுபொருளோ என்ன, எப்படிப்பட்டது என்று சொல்வது), ஏ எங்கே, எப்போது, எப்படி என்று சொல்லும் அடை. வாக்கியம் நாலே துண்டாகிறது. எஸ்: 'தி வெண்டர் நியர் தி டெம்பிள்'. வி: 'கேவ்'. ஐஓ (மறைமுகச் செயப்படுபொருள், யாருக்கு): 'மை சிஸ்டர்'. டிஓ (நேரடிச் செயப்படுபொருள், எதை): 'எ ஸ்ட்ரிங் ஆஃப் ஜாஸ்மின்'. வரிசை குலையவில்லை, இடம் ஒரே வரி, பரீட்சையிலும் இதையே கேட்கிறார்கள்.

அடிப்படை அமைப்பு ஏழு: எஸ்வி, எஸ்விஓ, எஸ்விசி, எஸ்விஏ, எஸ்விஓஓ, எஸ்விஓசி, எஸ்விஓஏ. ஏழிலும் வி இருப்பதைக் கவனியுங்கள். 'திஸ் புக்' என்று எழுதும் பிள்ளைக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. துண்டுகளின் கீழ் எழுத்துப் போடச் சொன்னால் வி-க்கு ஆளில்லாமல் நிற்பது அவருக்கே தெரிந்துவிடும். 'எனக்குப் பசிக்கிறது' என்பதை 'ஐ / ஆம் / ஹங்ரி' என்று எஸ்விசியில் போடும்போது, கு உருபோடு வந்த ஆள் ஆங்கிலத்தில் எஸ் நாற்காலியில் உட்கார்வதும் தெரியும்.

இந்த முறையில் மாணவர் தடுமாறுவது ஓ-வா சி-யா என்பதில். இரண்டு வாக்கியத்தைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்: 'வீ மேட் ஹெர் லீடர்', 'வீ மேட் ஹெர் டீ.' சொல் எண்ணிக்கை ஒன்று, தோற்றம் ஒன்று. அமைப்பு வேறு. சோதனை இரண்டு உண்டு. ஒன்று: கடைசித் துண்டும் 'ஹெர்' என்பதும் ஒரே ஆளா? அவள்தான் லீடர், அவள் டீ இல்லை. முதலாவது எஸ்விஓசி, இரண்டாவது எஸ்விஓஓ. இன்னொன்று: இடம் மாற்றி 'ஃபார்' போட முடியுமா? 'வீ மேட் டீ ஃபார் ஹெர்' சரியாக நிற்கிறது. 'வீ மேட் லீடர் ஃபார் ஹெர்' நிற்கவில்லை.

மூன்றாவது சோதனை நம் கையிலேயே இருக்கிறது. தமிழில் சொல்லிப் பாருங்கள்: "அவளைத் தலைவி ஆக்கினோம்", "அவளுக்கு டீ போட்டோம்". ஐ உருபு வந்தால் டிஓ, கு உருபு வந்தால் ஐஓ. ஆங்கிலேய மாணவருக்கு இல்லாத வசதி இது, ஆனால் இதையே முழுக்க நம்பிவிடக் கூடாது. 'ஹெல்ப் மீ' என்பதைத் தமிழில் "எனக்கு உதவி செய்" என்போம்; ஆங்கிலத்தில் அந்த 'மீ' வெறும் ஓ. 'ஷி ரீச்ட் மதுரை' என்பதில் 'மதுரை' ஓ. 'ஷி வென்ட் டு மதுரை' என்பதில் 'டு மதுரை' ஏ. பேச்சில் இரண்டுக்கும் "மதுரைக்கு" என்றே சொல்வதால்தான் 'ரீச்ட் டு மதுரை' என்ற தவறு பிறக்கிறது. உருபுச் சோதனையை முதல் ஊகமாக வையுங்கள். 'ஃபார்', 'டு' போட்டுப் பார்க்கும் சோதனைதான் தீர்ப்பு சொல்ல வேண்டும்.

மறைந்திருக்கும் செலவுகள் இரண்டு. 'கேவ் எ ஸ்ட்ரிங் டு மை சிஸ்டர்' என்று மாற்றினால் 'டு மை சிஸ்டர்' ஐஓ-வா, ஏ-வா? புத்தகத்துக்குப் புத்தகம் பதில் மாறுகிறது. பள்ளிப் பரீட்சை என்றால் உங்கள் பாடநூல் எப்படிப் போடுகிறதோ அப்படியே போடுங்கள். அங்கே வாதம் செய்து மதிப்பெண் வாங்க முடியாது. இரண்டாவது, துண்டுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பது இந்த முறைக்குத் தெரியாது. 'ஓல்ட் பஸ்சஸ் அண்ட் ஆட்டோஸ்' என்பதில் பழசு பஸ் மட்டுமா, ஆட்டோவுமா? எஸ்விஓசிஏ-வுக்கு அது மொத்தமாக ஒரு ஓ, அவ்வளவுதான்.

### கோட்டுப்படம்

அமெரிக்காவில் அலோன்சோ ரீட், பிரெய்னர்ட் கெலாக் இருவரும் 1877-இல் வெளியிட்ட பாடநூல் வழியாகப் பரவியது இது. நீளமாக ஒரு கிடைக்கோடு. எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே கோட்டை வெட்டிக்கொண்டு கீழே இறங்கும் நேர்கோடு. வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவே கோட்டின் மேல் மட்டும் நிற்கும் நேர்கோடு. நிரப்பியாக இருந்தால் அந்தக் கோடு எழுவாய்ப் பக்கம் சாயும். அடைகள் எல்லாம் கீழே சாய்கோட்டில் தொங்கும்.

நம் வாக்கியத்தில் மேல்கோட்டில் நிற்பவை மூன்றே சொற்கள்: 'வெண்டர்', 'கேவ்', 'ஸ்ட்ரிங்'. 'நியர்' சாய்கோட்டில் இறங்கி, அதன் அடியில் சிறு கிடைக்கோட்டில் 'டெம்பிள்'. 'சிஸ்டர்' வினைக்குக் கீழே, எழுத்தில்லாத வெற்றுச் சாய்கோட்டில் தொங்கும் சிறு கிடைக்கோட்டில்.

வாக்கியத்தின் எலும்பைக் காட்ட இதை மிஞ்சிய முறை இல்லை. இசைவுப் பிழைக்கு நேரடி மருந்து: 'தி பஸ்சஸ் டு மேலூர் லீவ் அட் சிக்ஸ்' என்பதை வரைந்தால் மேல்கோட்டில் 'பஸ்சஸ்', 'லீவ்' இரண்டும் முகத்தோடு முகம் பார்த்து நிற்கின்றன. 'மேலூர்' கீழே போய்விடுகிறது. மாணவர் 'லீவ்ஸ்' போட வாய்ப்பே இல்லை.

பிறகு ஏன் இதை முதல் தேர்வாகச் சொல்லவில்லை? வரிசை போய்விடுகிறது. வரைந்த படத்தைப் பார்த்து வாக்கியத்தைத் திரும்ப எழுதச் சொன்னால், ஏற்கெனவே ஆங்கிலம் தெரிந்தவர்தான் சரியாக எழுதுவார். 'நியர் தி டெம்பிள்' பெயருக்கு முன்னால் வருமா, பின்னால் வருமா என்பதைப் படம் சொல்லாது. நம் பிள்ளைக்குத் தெரிய வேண்டியதே அதுதான். கோடு வரைவதிலேயே அரை வகுப்பு ஓடிவிடுவதும் உண்டு. ஸ்கேல் வைத்து அழகாக வரைந்த படத்தில் இலக்கணம் தப்பாக இருக்கும். நம் பள்ளிப் பரீட்சையில் இதற்கு மதிப்பெண்ணும் இல்லை. இசைவுப் பிழை தீராத வகுப்புக்கு மட்டும் மேல்கோட்டை மட்டும் போடும் அரைப்படமாக இரண்டு நாள் பயன்படுத்துங்கள். முழுப் படமும் பிரமாதம்தான், நேரம் இருப்பவர்களுக்கு.

### மரப்படமும் அடைப்புக்குறியும்

வாக்கியத்தை இரண்டாக வெட்டு, ஒவ்வொரு துண்டையும் மறுபடி வெட்டு, சொல் வரும்வரை வெட்டிக்கொண்டே போ. அமெரிக்க மொழியியலாளர் லியோனர்ட் புளூம்ஃபீல்ட் 1933-இல் அண்மை உறுப்புப் பகுப்பாக முன்வைத்தது இது. நோம் சாம்ஸ்கி 1957-இல் அதை விதிகளாக எழுதிய பிறகு மரப்படம் மொழியியல் வகுப்பின் அன்றாடமாயிற்று.

முதல் வெட்டு 'டெம்பிள்' என்பதற்கும் 'கேவ்' என்பதற்கும் நடுவில். இடப்பக்கம் பெயர்த்தொடர், வலப்பக்கம் வினைத்தொடர். பெயர்த்தொடருக்குள் 'நியர் தி டெம்பிள்' ஒரு தொடர், அதற்குள் 'தி டெம்பிள்' இன்னொரு பெயர்த்தொடர். வரிசையும் இருக்கிறது, அடுக்கும் இருக்கிறது. மற்ற மூன்றும் தராத கூட்டணி இது.

வெட்டு சரியா என்று சோதிக்கும் வழி தெரியாமல் மரம் போடுவது வீண். ஒரு வாக்கியம்: 'ஹி பெயின்டெட் தி ஆட்டோ இன் தி ஷெட்.' இதற்கு இரண்டு பொருள். "ஷெட்டில் இருந்த ஆட்டோவுக்குப் பெயின்ட் அடித்தான்" ஒன்று. "ஆட்டோவுக்கு ஷெட்டில் வைத்துப் பெயின்ட் அடித்தான்" இன்னொன்று. தமிழில் இரண்டு வாக்கியம், ஆங்கிலத்தில் ஒன்று. இப்போது 'இட்' போட்டுப் பாருங்கள். 'ஹி பெயின்டெட் இட்' என்று எல்லாவற்றையும் 'இட்' விழுங்கினால் 'இன் தி ஷெட்' பெயர்த்தொடருக்குள் இருக்கிறது, அமைப்பு எஸ்விஓ. 'ஹி பெயின்டெட் இட் இன் தி ஷெட்' என்று பின்னால் மிச்சம் நின்றால் அது வெளியே இருக்கிறது, அமைப்பு எஸ்விஓஏ. ஒரே சொல்வரிசைக்கு இரண்டு மரம். 'ஓல்ட் பஸ்சஸ் அண்ட் ஆட்டோஸ்' சிக்கலும் இப்படித்தான் அவிழ்கிறது: 'ஓல்ட்' முதலில் 'பஸ்சஸ்' என்பதோடு சேருகிறதா, 'பஸ்சஸ் அண்ட் ஆட்டோஸ்' என்ற கூட்டோடு சேருகிறதா என்று வெட்டிப் பார்த்தால் தீர்ந்தது.

செலவு என்ன? இடம், முதலில். இருபது சொல் வாக்கியம் என்றால் ஏ4 தாளை அகலவாக்கில் திருப்பினாலும் திணறும். அடுத்தது இரண்டாக மட்டுமே வெட்டுவேன் என்ற பிடிவாதம். 'கேவ் மை சிஸ்டர் எ ஸ்ட்ரிங் ஆஃப் ஜாஸ்மின்' என்பதை எங்கே இரண்டாக வெட்டுவது? சில புத்தகங்கள் ஒரு முடிச்சிலிருந்து மூன்று கிளை விடும். சில இரண்டு கிளைக்கு மேல் விடாது. உங்கள் துறையில் எது வழக்கம் என்று முதல் வாரமே கேட்டுவிடுங்கள்.

இடையில் ஒரு மலிவான வழி உண்டு. மரத்தைப் போடாமல் சதுர அடைப்புக்குறி மட்டும் போடுவது: [தி வெண்டர் [நியர் [தி டெம்பிள்]]] [கேவ் [மை சிஸ்டர்] [எ ஸ்ட்ரிங் [ஆஃப் [ஜாஸ்மின்]]]]. பென்சில் போதும், நோட்டில் ஒரே வரி. திறந்த குறி எத்தனை, மூடிய குறி எத்தனை என்று எண்ணிச் சரிபார்க்கலாம்; இங்கே எட்டுக்கு எட்டு. மரப்படத்துக்குப் பயப்படும் மாணவிக்கு நாங்கள் சொல்வது: இரண்டு வாரம் அடைப்புக்குறி மட்டும் போடுங்கள். அதன்பிறகு மரம் என்பது அதே குறிகளைத் தலைகீழாகத் தொங்கவிடுவதுதான்.

| | சொல்வகை | எஸ்விஓசிஏ | கோட்டுப்படம் | மரப்படம் |
|---|---|---|---|---|
| விடுபட்ட வினை | பிடிக்காது | உடனே பிடிக்கும் | பிடிக்கும் | பிடிக்கும் |
| கு உருபுத் தவறு | பிடிக்காது | நன்றாகப் பிடிக்கும் | ஓரளவு | ஓரளவு |
| அடையின் இடம் | பிடிக்காது | ஓரளவு | பிடிக்காது | நன்றாகப் பிடிக்கும் |
| இசைவுப் பிழை | பிடிக்காது | தலைச்சொல்லை (துண்டின் முக்கியப் பெயரை) வட்டமிட்டால் | உடனே பிடிக்கும் | பிடிக்கும் |
| சொல் வரிசை | இருக்கும் | இருக்கும் | போய்விடும் | இருக்கும் |
| இருபொருள் வாக்கியம் | தெரியாது | தொடருக்கு வெளியே மட்டும் | தெரியும் | நன்றாகத் தெரியும் |
| கற்பிக்க வகுப்புகள் | நாலுக்கு 2 | 7 முதல் 8 | 6 முதல் 10 | 10-க்கு மேல் |
| பலகையில் இடம் | ஒரு வரி | ஒரு வரி | கால் பலகை | அரைப் பலகை |

வகுப்புக் கணக்கு 40 நிமிடத்தை வைத்துப் போட்ட உத்தேசம். பிள்ளைகளைப் பொறுத்துக் கூடும், குறையும்.

மொபைலில் வாக்கியத்தைப் போட்டால் மரம் வரைந்து தரும் செயலிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். விடை சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள், கற்பதற்கு வேண்டாம். ஆட்டோ வாக்கியத்தைக் கொடுத்தால் அது பெரும்பாலும் ஒரு மரத்தைத் தந்துவிட்டுப் பேசாமல் இருக்கும். இன்னொரு பொருள் உண்டென்று சொல்லாது. அது போடும் பெயர்ச்சீட்டும் உங்கள் பாடநூல் போடும் பெயரும் ஒன்றாக இருக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை.

## சொல்லைப் பிரிப்பது

இங்கே தமிழ்வழி மாணவர் வெறுங்கையோடு வருவதில்லை. பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று நன்னூல் சொன்ன ஆறையும் பள்ளியிலேயே படித்தாயிற்று. 'வந்தனன்' என்பதை வா + த் + த் + அன் + அன் என்று பிரித்து, 'வா' குறுகி 'வ' ஆனதையும் சந்தித் தகரம் நகரமானதையும் விகாரம் என்று எழுதத் தெரிந்தவருக்கு ஆங்கிலச் சொல் பெரிய பூதமில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: தமிழில் பகுதி முதலில் நிற்கும், எதிர்மறைகூட நடுவிலோ கடைசியிலோ வரும். ஆங்கிலத்தில் எதிர்மறை வாசலிலேயே நிற்கும். அதனால் 'அன்கம்ஃபர்ட்டபிள்' என்பதில் முதல் துண்டையே பகுதி என்று எடுத்துவிடுகிறார்கள். பகுதி நடுவில் ஒளிந்திருக்கிறது.

### முன்னொட்டு, பின்னொட்டுப் பட்டியல்

கைடுகளில் இருப்பது இது. வேகமாகச் சொல்வளம் கூடும். போட்டித் தேர்வில் எதிர்ச்சொல் கேள்விக்கு உதவும். ஆனால் பட்டியலுக்குக் கண் கிடையாது. யூ-என் கண்ட இடமெல்லாம் எதிர்மறை என்றால் 'அங்கிள்' என்ன ஆவார்? எல்-ஒய் கண்டால் வினையடை என்றால் 'ஃப்ரெண்ட்லி' பெயரடை, 'ஃபேமிலி' பெயர். ரிங் ரோட்டில் போகும் டேங்கர் லாரியின் பின்னால் 'இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருக்கும்; 'இன்' என்பது எதிர்மறை என்று படித்த பிள்ளை அது தீப்பிடிக்காது என்று சொல்லும். அங்கே வருவது வேறு 'இன்'. 'இன்ஃப்ளேம்' என்றால் பற்றவைப்பது. சீக்கிரம் தீப்பிடிக்கும் என்பதுதான் பொருள்.

### சொற்கூட்டல்

சொல்லைக் கணக்குப்போல எழுதுவது: பகுதி + ஒட்டு = சொல், நடுவில் என்ன மாறியது என்ற குறிப்போடு. ஸ்பெல்லிங்குக்கு எங்கள் தேர்வு இதுதான். காரணம், ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒட்டு சேரும்போது நடக்கும் முக்கிய மாற்றங்கள் நம் புணர்ச்சி விகாரம் மூன்றுக்குள் அடங்கிவிடுகின்றன.

தோன்றல். பூ + கொடி = பூங்கொடி என்பதில் ஓர் எழுத்து புதிதாகத் தோன்றியது. எஸ்-டி-ஓ-பி என்பதோடு ஐ-என்-ஜி சேர்ந்தால் இன்னொரு பி தோன்றும். நிபந்தனை: ஓரசைச் சொல், கடைசியில் ஒற்றை உயிரெழுத்து, அதன்பின் ஒற்றை மெய். ஒட்டு உயிரில் தொடங்க வேண்டும். டபிள்யூ, எக்ஸ், ஒய் இரட்டிக்காது. இரண்டு அசை என்றால் அழுத்தம் கடைசி அசையில் விழ வேண்டும்: 'பிகின்' இரட்டிக்கும், 'விசிட்' இரட்டிக்காது. 'டிராவல்' இந்த விதிக்கு அடங்காமல் நம்மூரில் புழங்கும் பிரிட்டிஷ் வழக்கப்படி எல்-ஐ இரட்டிக்கும்.

திரிதல். பொன் + குடம் = பொற்குடம். 'ஹேப்பி' என்பதன் கடைசி ஒய், 'நெஸ்' சேரும்போது ஐ ஆகும். ஒய்-க்கு முன்னால் மெய் இருந்தால் மட்டும். ஐ-என்-ஜி சேரும்போது திரியாது, ஏனெனில் இரண்டு ஐ அடுத்தடுத்து நிற்பதை ஆங்கிலம் விரும்புவதில்லை. அதனால் 'கேரியிங்' என்பதில் ஒய் அப்படியே நிற்கிறது.

கெடுதல். மரம் + வேர் = மரவேர். எச்-ஓ-பி-ஈ என்பதோடு ஐ-என்-ஜி சேர்ந்தால் ஈ கெடும். 'நோட்டீசபிள்' என்பதில் கெடாது. ஈ போனால் சி-க்கு அடுத்து ஏ வந்து 'க' ஒலி ஆகிவிடும். சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுகிற 'டையிங்' என்பதிலும் கெடாது: டி-ஒய்-ஈ-ஐ-என்-ஜி. ஈ-யைக் கெடுத்து போர்டில் எழுதினால் சாயப்பட்டறை சாவுப்பட்டறை ஆகிவிடும்.

பட்டியலால் வரும் ஒரு பிழையை இது வேரோடு தீர்க்கும். 'ஆக்ஷன்' என்பதன் பின்னொட்டு டி-ஐ-ஓ-என் என்று பட்டியல் சொல்கிறது. கூட்டிப் பாருங்கள்: ஏ-சி-டி + டி-ஐ-ஓ-என் என்றால் இரண்டு டி வர வேண்டும், வரவில்லை. ஒட்டு வெறும் ஐ-ஓ-என்தான், டி பகுதியினுடையது. 'எஜுகேட்' கடைசி ஈ கெட்டு 'எஜுகேஷன்'. அங்கும் டி பகுதிச் சொத்து. 'டிஸ்கஸ்' இரண்டு எஸ்-இல் முடிவதால் 'டிஸ்கஷன்' இரண்டு எஸ்-ஓடு நிற்கிறது. டி போடுவதா எஸ் போடுவதா என்ற குழப்பத்துக்குப் பெரும்பாலும் பகுதியே பதில். 'டிசைட்', 'டிசிஷன்' போன்றவற்றில் பகுதியின் டி ('டாக்' என்பதன் முதலில் வரும் டி) எஸ்-ஆகத் திரியும். அவற்றைத் தனிக் குடும்பமாகப் படிக்க வேண்டும்.

ஊமை எழுத்துக்கும் இதில் விளக்கம் கிடைக்கிறது. 'சைன்' என்பதில் ஜி எதற்கு? 'சிக்னல்', 'சிக்னேச்சர்' என்று உறவினர் வந்ததும் அந்த ஜி வாய் திறக்கிறது. 'டூ' என்ற எண்ணில் டபிள்யூ எதற்கு? 'ட்வின்', 'ட்வெல்வ்', 'ட்வென்டி' மூன்றையும் பக்கத்தில் எழுதுங்கள்.

மறைந்திருக்கும் செலவு ஆசிரியருடைய நேரம். எங்கே நிறுத்துவது என்பது குழப்பும்: 'ரிசீவ்', 'டிசீவ்', 'கன்சீவ்' மூன்றிலும் பொதுவான பகுதி தனியாக நின்று பொருள் தராது. சொல் வரலாறு தரும் அகராதி ஒன்று கையில் வேண்டும். சொந்தமாக வாங்க முடியாவிட்டால், புதுநத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் போன்ற பெரிய நூலகத்தில் ஒரு நாள் உட்கார்ந்து, பாடத்தில் வரும் சொற்களை மட்டும் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம்.

### அடுக்குப் பகுப்பு

சொல்லுக்குப் போடும் மரப்படம் இது. எந்த ஒட்டு முதலில் சேர்ந்தது என்று காட்டும். 'அன்லாக்கபிள்' என்பதில் 'லாக்கபிள்' முதலில் என்றால் பூட்ட முடியாதது. 'அன்லாக்' முதலில் என்றால் திறக்கக்கூடியது. நேரெதிர்ப் பொருள். இதோடு, இலக்கணத்துக்காக மட்டும் சேரும் பின்னொட்டு ஆங்கிலத்தில் எட்டே எட்டு என்பதையும் படிப்பார்கள்: பன்மை, உடைமை, படர்க்கை ஒருமை நிகழ்காலம், இறந்தகாலம், இறந்தகால எச்சம், ஐ-என்-ஜி, ஒப்புமைக்கு இரண்டு. மற்ற பின்னொட்டெல்லாம் புதுச் சொல் ஆக்குபவை. மொழியியல் தாள் எழுதுபவருக்கு இது கட்டாயம். பள்ளிக்குத் தேவையில்லை.

## யார் எதை எடுப்பது

டியூஷன் எடுப்பவர்: இரண்டு வகுப்பு சொல்வகை, எட்டு வகுப்பு எஸ்விஓசிஏ. எஸ் துண்டில் தலைச்சொல்லை வட்டமிடும் பழக்கத்தை முதல் நாளே பிடித்துவிடுங்கள். கோட்டுப்படத்தின் பலன் பாதி அதிலேயே வந்துவிடும். 'டீ', 'லீடர்' ஜோடியைப் பலகையில் ஒரு வாரம் அழிக்காமல் வையுங்கள்.

பி.ஏ. மாணவி: எஸ்விஓசிஏ போதாது, அதை விடவும் வேண்டாம். அடைப்புக்குறி, பிறகு மரம். சொல்லுக்கு அடுக்குப் பகுப்பு. உருபனியல் (மார்ஃபாலஜி) தாளுக்குப் படிக்கும்போது பகுபத உறுப்பிலக்கணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலப் பாடத்தில் புதுப்பெயரோடு வருவது பெரும்பாலும் பழைய நண்பர்தான்.

ஆசிரியர் தேர்வுக்குப் படிப்பவர் கலைச்சொற்களுக்காக எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்க்க வேண்டியிருக்கும். கோட்டுப்படத்துக்கு ஒரு மாலைக்கு மேல் கொடுக்காதீர்கள்.

தொடக்கப்பள்ளி ஆசிரியை: பட்டியல் வேண்டாம், சொற்கூட்டல். வாரம் ஒரு பகுதி போதும். 'பிளே' என்று தொடங்குங்கள்: 'பிளேயர்', 'பிளேட்', 'பிளேயிங்', 'ரீபிளே', 'பிளேஃபுல்'. ஒய் ஏன் எங்குமே ஐ ஆகவில்லை என்று ஒரு பிள்ளை கேட்கும். அதற்கு முன்னால் ஏ என்ற உயிர் நிற்பதைக் காட்டுங்கள். அடுத்த வாரம் 'பே' வரும். 'பெய்ட்' என்பதில் ஒய் ஐ ஆகியிருக்கும், ஈ காணாமல் போயிருக்கும். விதிக்கு அடங்காத 'பெய்ட்', 'செட்', 'லெய்ட்' மூன்றுக்கும் பலகையின் மேல் மூலையில் ஒரு பெட்டி போட்டு, பரீட்சை முடியும்வரை அழிக்காமல் விட்டுவிடுங்கள்.